ஊரே பார்க்க ஒரு வானம்: யாரையும் விட்டுவிடாமல் தொலைநோக்கி நிகழ்ச்சி நடத்த முழுமையான வழிகாட்டி

ஊரிலோ தெருவிலோ வான்நோக்கு நிகழ்ச்சி நடத்த நினைக்கும் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், அறிவியல் மன்றத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதலில் தொலைநோக்கி வாங்குகிறார்கள், பிறகு நாள் குறிக்கிறார்கள், அப்புறம் இடம் பார்க்கிறார்கள். கடைசியில் ‘அனைவரும் வருக’ என்று ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். வருவது யார்? ஆண் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் அப்பாக்கள், ஏற்கெனவே அறிவியல் பிடித்த நாலு பேர்.

இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள். முதலில் ஆட்கள், பிறகு இடம், பிறகு நாள், அதன்பின் வானத்தில் எதைக் காட்டுவது, கடைசியில்தான் கருவி. கீழே உள்ளதும் அந்த வரிசைதான்.

1. நான்கு வாரம் முன்பே: நீங்களே போய்க் கேளுங்கள்

நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் மகளிர் குழுக் கூட்டம், மாற்றுத்திறனாளிகள் சங்கம், பக்கத்தில் சிறப்புப் பள்ளி இருந்தால் அது, காலனித் தெரு, டீக்கடை எல்லா இடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. எத்தனை மணிக்கு உங்களால் வர முடியும்? எங்கே வைத்தால் வருவீர்கள்? எங்கே வைத்தால் வரமாட்டீர்கள்?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டுக்கும் மரியாதைக்காக ‘எங்க வச்சாலும் வர்றோம் சார்’ என்றுதான் பதில் வரும். மூன்றாவதைக் கேட்டால்தான் உள்ளது வெளியே வரும்.

என் முதல் நிகழ்ச்சியைக் கோயில் வாசலில் வைத்தேன். நல்ல திறந்தவெளி, கிழக்கும் மேற்கும் பளிச்சென்று தெரியும், தொண்ணூறு பேர் வந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. மறுவாரம் காலனியில் இருந்த ஒரு அக்கா சொன்னார்: “கோயில் வாசல்ல வச்சுட்டு எங்களையும் கூப்பிட்டா எப்படி சார் வருவோம்? கூப்பிட்டதுக்கு சந்தோஷம்.” அந்தத் தொண்ணூறு பேர் ஊரில் எந்தப் பாதி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கேட்டு வந்தவர்களில் இரண்டு மூன்று பேரையாவது திட்டமிடும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஆட்டோ செலவு உங்கள் பட்ஜெட்டில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் திட்டக் கூட்டத்துக்கு ஒருமுறை வந்தாலே, நீங்கள் பத்து நாள் யோசித்தாலும் தோன்றாத மேடு பள்ளங்களை எல்லாம் காட்டிவிடுவார்.

2. இடம்: வெளிச்சம் இருந்தால் பரவாயில்லை

பெரும்பாலான ஊர்களில் அரசுப் பள்ளி மைதானம்தான் சரியான இடம். யாருடைய வாசலும் அல்ல, எல்லார் பிள்ளையும் நடந்து பழகிய தரை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அப்படி ஓர் இடமே இல்லை என்றால் இரண்டு நாள், இரண்டு இடத்தில் நடத்துங்கள். அப்படிச் செய்யும்போது முதல் நாளைக் காலனியில் வையுங்கள். இரண்டாவது நாள் என்றால் அது ‘மிச்சம்’ என்றுதான் படும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இருட்டைத் தேடி ஊருக்கு வெளியே, வயல்வெளிக்கோ ஏரிக்கரைக்கோ போவது. அங்கே பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். பார்வை மங்கியவர்களுக்கு இருட்டில் கால் வைக்கவே பயம். பாம்பு, தேள் வேறு. நிலாவுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் இருட்டே தேவையில்லை. தெருவிளக்குக்கு நேர் கீழே நிற்காமல் இருந்தால் போதும். பால்வீதியைக் காட்டத்தான் இருட்டு வேண்டும். அதை மலைக்குப் போகிற ஆர்வலர்களுக்கு விட்டுவிடலாம்.

இடத்தை முந்தைய நாள் மாலை அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். கழிப்பறைப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? சாய்தளம் இருக்கிறதா? இருந்தால் அதன் அடியில் சைக்கிள் நிறுத்தி வைத்திருக்கிறார்களா? மைதானம் மணலாக இருந்தால் சக்கர நாற்காலி புதையும். வாசலிலிருந்து தொலைநோக்கி வரை பழைய ஒட்டுப்பலகையோ ரப்பர் விரிப்போ போட்டு ஒரு பாதை அமையுங்கள். பார்வையற்றவர்களுக்கும் அது காலடியில் தெரியும் வழிகாட்டி.

3. நாளும் நேரமும்: நாட்காட்டியைக் கிழித்துப் பாருங்கள்

செயலி எதுவும் வேண்டாம். வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியிலேயே திதி இருக்கிறது. வளர்பிறை பஞ்சமி, சஷ்டி, சப்தமி, இந்த மூன்றில் ஒரு நாள். காரணம் இருக்கிறது. பௌர்ணமி நிலாவில் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, வெள்ளைத் தட்டு மாதிரி கண்ணைக் கூசும். பிறை நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டி நிழல் நீளமாக விழும், பள்ளம் பள்ளமாகவே தெரியும். தேய்பிறையில் நிலா எழுவதற்குள் ஊர் தூங்கிவிடும்.

அஷ்டமியும் நல்ல நிலாதான். ஆனால் அன்று மாலை ஆறரைக்கு நிலா உச்சியில் நிற்கும். உச்சியைப் பார்க்கக் கருவியைத் திருப்பினால் ஐபீஸ் (நாம் கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) இருக்கும் இடம் பெரியவர்களுக்கும் நாற்காலியில் இருப்பவர்களுக்கும் சங்கடம். சஷ்டி நிலா ஏழு மணிக்குச் சாய்வாக, வசதியான உயரத்தில் நிற்கும்.

சஷ்டி என்றால் விரதக்காரர்கள் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். கோயில் கொடை, ரமலான் நோன்பு திறக்கும் நேரம், ஞாயிறு ஆராதனை, பொதுத்தேர்வு வாரம், இவற்றோடு மோத வேண்டாம். சனிக்கிழமை மாலை பல ஊர்களில் சம்பள நாள். அன்றைக்குக் குடித்துவிட்டு வருகிற நாலு பேரால் நாற்பது பெண்கள் திரும்பிப் போவார்கள். நான் வியாழக்கிழமையைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, பாதி நாள் மேகம்தான். எந்த மாதமானாலும் மாற்று நாள் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் ஆட்டோ பிடித்து வந்து மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அடுத்த முறை வரமாட்டார்.

4. எதைக் காட்டுவது

ஓரிரவில் இரண்டே பொருள். நிலா கட்டாயம். கூடவே வியாழனோ சனியோ எது வானத்தில் இருக்கிறதோ அது. வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களைச் சாதாரணத் தொலைநோக்கியிலேயே புள்ளி புள்ளியாகப் பார்த்துவிடலாம். சனியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: 2025 மார்ச்சில் அதன் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் அகன்று வருகிறது. இணையத்தில் இருக்கும் படத்தை நோட்டீசில் போட்டு ஏமாற்றாதீர்கள்.

நெபுலா, விண்மீன் திரள் எல்லாம் வேண்டாம். பழக்கமில்லாத கண்ணுக்கு அவை தெரியாது. தெரியாததைக் காட்டினால் தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

வெறுங்கண்ணால் பார்க்க விண்மீன்கள் வேண்டுமென்றால், ரோகிணி, திருவாதிரை, கார்த்திகை என்று நம் பெயர்களிலேயே தொடங்குங்கள். ‘என் நட்சத்திரம் எங்க இருக்கு?’ என்று ஒரு பாட்டி கேட்டால், அந்தக் கேள்விதான் அன்றைய இரவின் நல்ல பாடம். கடலோர ஊரானால் படகில் போகிறவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரமலான் பிறை பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு மேற்கு வானத்தின் எந்தப் பக்கம் பிறை வரும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களைச் சொல்லவிடுங்கள்.

5. கருவி: ஐபீஸ் எவ்வளவு உயரத்தில் வருகிறது?

70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி போதும். வாங்காதீர்கள், பக்கத்துக் கல்லூரியிலோ மன்றத்திலோ இரவல் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஆட்டோவும் சைகை மொழி பெயர்ப்பாளரும் ஏற்பாடு செய்யலாம்.

ஐபீஸில் 25 மி.மீ.தான் உங்கள் நண்பன். தொலைநோக்கியின் குவியத்தூரம் (முன்லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்) 700 மி.மீ. என்றால் 700ஐ 25ஆல் வகுக்க 28 மடங்கு பெரிதாகத் தெரியும். நிலா முழுசாகத் தெரியும், கண்ணை வைக்கும் இடமும் தாராளம், கண்ணாடி போட்டவர்கள் கழற்றாமலே பார்க்கலாம். 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு கிடைக்கும். ஆனால் ஒளி வெளிவரும் வட்டம் 1 மி.மீ. அகலம்தான். கண் நடுங்குகிற பெரியவர்களுக்கு அந்த வட்டத்தைப் பிடிப்பதே பெரும்பாடு. புதியவர்கள் எல்லோரும் ‘பெரிசாத் தெரியணும்’ என்று 10 மி.மீ.யைத்தான் மாட்டுகிறார்கள்.

அடுத்தது உயரம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். முந்தைய நாளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நிலா நிற்கப்போகும் கோணத்துக்குக் கருவியைச் சாய்த்து நீங்களே பாருங்கள். லென்ஸ் தொலைநோக்கியில் பொருள் உயர உயர ஐபீஸ் கீழே இறங்கும். ஆடித் தொலைநோக்கியில் (கண்ணாடி வைத்து, குழலின் பக்கத்திலிருந்து பார்ப்பது) நேர்மாறு, மேலே ஏறும். முக்காலியின் கால்கள் நாற்காலியின் சக்கரத்தில் இடிக்கும் என்பதும் அப்போதுதான் தெரியும். மேசை மேல் வைக்கும் சிறிய ஆடித் தொலைநோக்கி கிடைத்தால், அதை மேசையின் ஓரத்தில் வைத்தால் முழங்கால் அடியில் போய்விடும், ஒருவரும் குனிய வேண்டாம்.

முதுகு வளையாதவர்கள், கழுத்து நிற்காதவர்களுக்காக ஐபீஸில் கைப்பேசியைப் பொருத்தும் கவ்வி ஒன்று வையுங்கள். நிலா திரையில் அருமையாக வரும். ஆனால் முடிந்தவரை முதலில் ஐபீஸில் பார்க்க வழி செய்துவிட்டு, திரையை அதற்கு அடுத்ததாகக் காட்டுங்கள். ‘இதுக்கு டிவியிலயே பார்த்துக்கலாமே’ என்று ஒரு தாத்தா என்னிடம் சொன்னார். சரியான பேச்சு.

தொலைநோக்கியின் பக்கத்தில் ஒரு மர நாற்காலியின் முதுகைத் திருப்பி வையுங்கள். பார்க்க வருகிறவர்களுக்கு எதையாவது பிடித்துக்கொள்ளக் கை போகும். பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் குழலைப் பிடிப்பார்கள், நிலா ஓடிவிடும்.

6. கைக்கு எட்டும் வானம்

பார்வையற்றவர்கள் வந்தால் ‘சொல்லிக் காட்டினால் போதும்’ என்று நினைப்பது சோம்பேறித்தனம். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் ‘டாக்டைல் யுனிவர்ஸ்’ திட்டத்தில் விண்மீன் திரள்களின் படங்களை மேடு பள்ளமாக அச்சிட்டு விரலால் தடவிப் பார்க்க வைக்கிறார்கள். நமக்கு அந்த இயந்திரம் வேண்டாம். ஒரு எவர்சில்வர் தட்டும் பாரிஸ் சாந்தும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) போதும்.

சஷ்டி நிலாவில் இருட்டுக் கோட்டை ஒட்டித் தியோஃபிலஸ், சிரிலஸ், கேத்தரினா என்று மூன்று பெரும் பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். அந்த மூன்றையும் தட்டில் செய்யுங்கள். தியோஃபிலஸின் விளிம்பு கூர்மையாக, நடுவில் ஒரு சிறு குன்றோடு இருக்கட்டும். கேத்தரினாவின் விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள், ஏனென்றால் அது வயதான பள்ளம். தியோஃபிலஸின் அகலம் சுமார் 100 கி.மீ., ஏறக்குறைய திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள தூரம். எது புதுசு, எது பழசு என்று விரலே சொல்லிவிடும். இந்தத் தட்டைச் செய்தது பார்வையற்றவர்களுக்காக. கடைசியில் அதை அதிகம் தடவியது வரிசையில் நின்ற பிள்ளைகள். கண்ணால் பார்க்கும் முன்னால் கையால் பார்த்தவர்களுக்கு ஐபீஸில் எதைத் தேடுவது என்று தெரிந்திருந்தது.

சனிக்கு 6 செ.மீ. பந்து ஒன்று. அட்டையில் வெளிவிட்டம் 13.6 செ.மீ., உள்விட்டம் 9.2 செ.மீ. வைத்து ஒரு வளையம் வெட்டுங்கள். தொலைநோக்கியில் பளிச்சென்று தெரியும் வளையத்தின் விகிதம் அதுதான். பந்துக்கும் வளையத்துக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இருக்கும். அந்த இடைவெளியைத் தொட்டவர் ‘ஒட்டாம நிக்குதா!’ என்று கேட்காமல் இருக்கமாட்டார். வளையத்தை நூல் கட்டித் தாங்குங்கள், பந்தோடு ஒட்டிவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

தூரத்துக்கு ஒரு தேங்காயும் எலுமிச்சம்பழமும். பூமி 12 செ.மீ. தேங்காய் என்றால் நிலா மூன்றேகால் செ.மீ. எலுமிச்சை. நடுவில் கயிறு 3.6 மீட்டர். முதலில் கயிற்றைத் தராமல், ‘எலுமிச்சையை எங்கே வைக்கலாம்?’ என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரு முழத்துக்குள்தான் வைப்பார்கள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும்.

பிரெய்லி எழுத்து ஒட்டுவது நல்லதுதான். ஆனால் வயதான பிறகு பார்வை போனவர்களில் பலருக்குப் பிரெய்லி படிக்கத் தெரியாது. ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

7. காது கேளாதோர் வந்தால்: முதலில் வெளிச்சம், பிறகு ஐபீஸ்

இந்த ஒரு இடத்தில் நான் முழுசாகத் தோற்றிருக்கிறேன். சைகை மொழி பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தோம், மாணவர்களை வேனில் அழைத்து வந்தோம். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் விளக்கை அணைத்துவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தோம். பெயர்ப்பாளரின் கை யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாணவி தன் கைப்பேசி விளக்கை எடுத்து அவர் கையில் அடித்துக்காட்டிய பிறகுதான் புரிந்தது.

சைகை மொழியில் கேட்பதும் கண்ணால்தான். ஐபீஸில் கண் இருக்கும்போது விளக்கம் போகாது. ஆகவே விளக்கம் முழுவதையும் வெளிச்சமுள்ள இடத்தில், தட்டும் பந்தும் வைத்திருக்கும் மேசையருகே முதலில் முடித்துவிடுங்கள். பிறகு பார்க்கட்டும். பார்த்த பிறகு மறுபடி வெளிச்சத்துக்கு வந்து கேள்வி கேட்கட்டும். ஐபீஸில் இருக்கும்போது தோளைத் தட்டாதீர்கள், நிலா ஆடிவிடும், அவர்களும் திடுக்கிடுவார்கள்.

பெயர்ப்பாளருக்கு ‘துணைக்கோள்’, ‘வளையம்’, ‘பள்ளம்’ போன்ற சொற்களின் பட்டியலை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். எந்தச் சைகை வைப்பது என்று அவரும் அந்தப் பள்ளியின் ஆசிரியரும் பேசி முடிவு செய்துகொள்வார்கள்.

ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காத பிள்ளைகளுக்காக முதல் அரை மணி நேரம் மைக் இல்லாமல் நடத்துங்கள். நோட்டீசிலும் அதைப் போடுங்கள்.

8. தொண்டர்கள்: ‘தெரியுதா?’ என்று கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தெரியுதா?’ என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘தெரியுது’ என்பார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, நீங்களோ படித்தவர், தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? கண்ணை ஐபீஸுக்கு அரை அடி தள்ளி வைத்துக்கொண்டு ‘நல்லாத் தெரியுது கண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போன ஆயாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘என்ன தெரியுது?’ என்று கேளுங்கள். ‘வெள்ளையா ஒரு வெளிச்சம்’ என்றால் குவியம் சரியில்லை, குமிழைத் திருப்பச் சொல்லுங்கள். ‘கறுப்பா இருக்கு’ என்றால் கண் இடத்தில் இல்லை, அல்லது நிலா நகர்ந்துவிட்டது. ‘அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு’ என்றால் பள்ளம் தெரிந்துவிட்டது, அந்த உவமையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

குவியக் குமிழை அவரவரே திருப்ப விடுங்கள். கருவி கெட்டுவிடும் என்று பறித்துக்கொள்ளும் தொண்டர்தான் அன்றைக்கு ஆபத்து. தன் கையால் மங்கலை மாற்றித் தெளிவாக்கியவருக்கு அந்த நிலா சொந்தமாகிவிடுகிறது.

கருவியருகே யார் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வழக்கமாகப் பையன்கள் கருவியைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். இதை மாற்ற வேண்டும் என்றால் வாயால் சொல்லிப் பயனில்லை. முந்தைய வாரமே அந்தத் தெருப் பெண் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இரண்டு மாலை பயிற்சி கொடுத்து, கருவியை அவர்கள் பெயரில் ஒப்படையுங்கள். தன் தெருப் பெண் கருவியைத் திருப்புவதைப் பார்த்தால் அவள் அம்மாவும் அத்தையும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் பகுதி என்றால் இந்தி பேசத் தெரிந்த ஒருவர் தேவை.

9. வரிசைக் கணக்கு

ஒருவருக்கு ஒரு நிமிடம், பெரியவர்களுக்கு இரண்டு. அப்படிப் பார்த்தால் ஒரு கருவிக்கு மணிக்கு நாற்பது பேர்தான். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்து இருநூறு பேரை வரவழைத்துவிட்டு ஒரு கருவியோடு நிற்பதுதான் வழக்கமான விபத்து. முன்னால் முண்டுகிறவர்கள் பார்ப்பார்கள், கைக்குழந்தையோடு நிற்பவர்கள் திரும்பிப் போவார்கள்.

தெருவாரியாக நேரம் பிரித்துக் கொடுங்கள். பெரியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகளுக்கு உட்கார்ந்து காத்திருக்க பெஞ்ச் போட்டு, எண் சீட்டு கொடுங்கள். தனி வரிசை வைத்தால் அவர்களை வேடிக்கைப் பொருளாக்கிவிடும், சீட்டு அப்படிச் செய்யாது.

மோட்டார் இல்லாத கருவியில் பூமியின் சுழற்சி உங்களுக்காக நிற்காது. 70 மடங்கில் நடுவில் வைத்த வியாழன் ஒன்றரை நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும். ஆகவே பொருளை நடுவில் வைக்காமல், அது உள்ளே நுழையும் ஓரத்தில் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அவர் கண்ணைப் பொருத்துவதற்குள் அது நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். இது தெரியாத தொண்டர் ஒவ்வொரு ஆளுக்கும் கருவியை அசைத்து வரிசையை இரட்டிப்பாக்குவார்.

10. ‘சனியைப் பார்த்தா பிடிச்சுக்காதா?’

இந்தக் கேள்வி வரும். சிரிக்காதீர்கள், மூடநம்பிக்கை என்று சொற்பொழிவும் வேண்டாம். அந்த அம்மா கேள்வி கேட்கத் துணிந்ததே பெரிய விஷயம். நான் சொல்வது இவ்வளவுதான்: “நீங்க இப்ப பார்க்கிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சும்மா. அவ்வளவு தூரத்துல இருக்கு. பிடிக்கலேன்னா நிலாவை மட்டும் பாருங்க.” பாதிப் பேர் நிலாவைப் பார்த்துவிட்டுத் தானாகவே சனிக்கும் வருவார்கள்.

‘ராகு, கேது எங்க?’ என்பதற்கும் நேரான பதில் இருக்கிறது. நிலா போகும் பாதையும் வானத்தில் சூரியன் போகும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்குத்தான் அந்தப் பெயர். அங்கே உருண்டையாக ஒன்றும் இல்லை, ஆனால் கிரகணம் அந்த இடங்களை ஒட்டித்தான் நடக்கும். கேட்டவரின் பஞ்சாங்க அறிவு வீணாகாமல் வானியலோடு இணைகிறது.

11. இரவில் வர முடியாதவர்களுக்கு: பகலும் வானம்தான்

சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பது வரை அடுப்பு, பிள்ளை, மாமனார் மருந்து. எவ்வளவு நல்ல இடத்தில் வைத்தாலும் சில பெண்களால் வர முடியாது. அவர்கள் கூடும் இடத்துக்கு நாம் போக வேண்டும். நூறு நாள் வேலைத் தளத்தில் பணித்தளப் பொறுப்பாளரிடம் முன்கூட்டிப் பேசி, வேலை நிற்கும் கால் மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு ஏற்றது நிழலில்லா நாள். ஆண்டில் இரண்டு முறை நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழலே விழாது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், மதுரையில் 15, 16 வாக்கில், சென்னையில் 24 வாக்கில். இரண்டாம் முறை சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்கில். நேரம் சரியாகப் பன்னிரண்டு அல்ல. ஏப்ரலில் சென்னையில் 12.07 வாக்கில், மதுரையில் 12.18 வாக்கில். 12 மணிக்கு நிழல் தெரிகிறதே என்று மூட்டை கட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு.

கம்பு செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். தளத்தில் கொத்தனார் வேலை தெரிந்தவர் ஒருவர் இருந்தால் தூக்குக்குண்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு முறை அப்படிக் கொடுத்தபோது, நாங்கள் நட்டு வைத்திருந்த குழாயை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, ‘ரெண்டு நூல் சாஞ்சிருக்கு’ என்றார். நிமிர்த்தினார். நிழல் அடியில் போய் ஒளிந்துகொண்டது. அன்றைக்கு மீதி விளக்கத்தை அவரே சொன்னார்.

சூரியனையே காட்ட வேண்டும் என்றால் பந்துக் கண்ணாடி. பிளாஸ்டிக் பந்தில் மணல் நிரப்பி, அதன் மேல் சிறு கண்ணாடியை ஒட்டி, 1 செ.மீ. ஓட்டை போட்ட கறுப்புத் தாளால் மூடுங்கள். ஒட்டு டேப்பின் வளையத்தில் பந்தை உட்கார வைத்தால் எந்தப் பக்கமும் திருப்பலாம். காலை வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளியிருக்கும் இருட்டு அறையின் சுவரில் ஒளியை விழச் செய்யுங்கள். தூரத்தை 108ஆல் வகுத்தால் வருவது படத்தின் அகலம், அதாவது இங்கே பதினெட்டரை செ.மீ. சூரியன். வரிசை வேண்டாம், குனிய வேண்டாம், அறை முழுக்க ஒரே நேரத்தில் பார்க்கலாம். சுவரில் அந்த வட்டம் மெல்ல நகர்வதை ஒரு பென்சில் கோட்டால் குறித்துக் காட்டுங்கள்.

கிரகணத்துக்கும் இதுவே சிறந்தது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையக் கிரகணம் தெரிந்தபோதும் கர்ப்பிணிகளை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். வெளியே வரச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, சன்னல் வழியே சூரியனை உள்சுவருக்கு அனுப்புவது எளிது. தமிழ்நாட்டின் தென்பகுதியில் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21. பார்வையற்றவர்களுக்கு, ஒளி குறையக் குறைய ஒலி மாறும் சிறு கருவியை 2017இல் அமெரிக்கக் கிரகணத்தின்போது பயன்படுத்தினார்கள். பார்வையிழந்த வானியலாளர் வாண்டா டியாஸ்-மெர்சட் அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். மின்னணுவியல் படிக்கும் மாணவர் யாரிடமாவது ஒளி உணரியும் ஒலிப்பானும் கொடுத்தால் எளிய வடிவம் ஒன்றைச் செய்துவிடுவார்.

பாதுகாப்பு: சூரியனை நேராகப் பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கண்ணாடி மட்டும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், தண்ணீரில் பிம்பம் எதுவும் கூடாது. பந்துக் கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்காமல் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தொலைநோக்கியைப் பகலில் வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். மூடி கழன்ற ஒரு கருவியை ஒரு பிள்ளை சூரியன் பக்கம் திருப்ப ஒரு நொடி போதும்.

12. எண்ணிக்கை, அதன் பிறகு

கருத்துப் படிவம் அச்சடிக்காதீர்கள். எழுதத் தெரிந்தவர்களின் கருத்துதான் அதில் வரும். வெளியே போகும் வழியில் மூன்று சட்டி, ஒரு கூடைப் புளியங்கொட்டை. ‘நல்லாப் பார்த்தேன்’, ‘சரியாப் பார்க்க முடியல’, ‘பார்க்கவே இல்ல’ என்று மூன்றுக்கும் படம் வரைந்து ஒட்டி, வாயாலும் சொல்லி, ஆளுக்கு ஒரு கொட்டை போடச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது சட்டியில் விழுவதைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

கூடவே ஒரு கேள்வி: ‘உங்க வீட்ல யார் வரல?’ நோட்டில் பெயர் வேண்டாம், காரணம் மட்டும் போதும். மாமியாருக்கு முட்டி வலி, மகள் வயசுக்கு வந்தவள், கணவர் இரவுப் பணி, அண்ணனுக்குக் காது கேட்காது. பிள்ளைகளைப் படம் எடுத்தால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான் முகநூலில் போட வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரை மட்டும் தேடித் தேடி எடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வளர்பிறைக்கு முன்னால் அதே தெருவுக்குப் போங்கள். போன தடவை முட்டி வலியால் வராத மாமியாரின் வீட்டுத் திண்ணையில் கருவியை வைத்தோம். அவர் முதலில் பார்க்க மறுத்துவிட்டார். பேரப்பிள்ளைகள் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, “தள்ளுங்கடா, அந்தக் குமிழ் எங்க இருக்கு?” என்று கேட்டார்.